வாசித்துக் காட்டிய பிறகே உறையை ஒட்டுவார்

அக்கா இறந்துவிட்டார் என்ற செய்தி எனக்கு ஃபெரிப் படகில் வந்தது. பட்டர்வொர்த் கரை பின்னால் போயிருந்தது. ஜோர்ஜ் டவுன் இன்னும் வரவில்லை. மடியில் கஞ்சித் தூக்கு சூடாக இருந்தது. முதல் நாள்தான், "உப்பு கூட லூர்து, கடல்லேர்ந்து மொண்டுட்டு வந்தியா?" என்று ஒரே கரண்டியோடு திருப்பிக் கொடுத்திருந்தார். அதனால் அன்றைக்கு உப்பைக் குறைத்துப் போட்டிருந்தேன். ஆஸ்பத்திரி நர்ஸ் போனில் விஷயத்தைச் சொன்னதும் எனக்கு உடனே அழுகை வரவில்லை. இந்தக் கஞ்சியைக் குறை சொல்ல ஆள் இல்லையே என்றுதான் முதலில் தோன்றியது. பிறகுதான் அழுதேன். பக்கத்தில் இருந்த சீன அம்மா ஒருவர் டிஷ்யூவை என் கையில் திணித்து, தூக்கை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

என் அக்கா பெயர் பிலோமினா. ஜோர்ஜ் டவுனில் ஒரு பெண்கள் பள்ளியில், கல்லூரிக்கு முந்திய ஆறாம் படிவத்துக்கு வேதியியல் சொல்லிக் கொடுத்தவர். அவரிடம் படித்தவர்களுக்கு நான் ஒன்றும் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. "ஆசிட் டீச்சர்" என்று நீங்கள் வைத்த பெயர் அவருக்கும் தெரியும். ஒருநாள் வீட்டில் அதைச் சொல்லிச் சிரித்தார். "ஆசிட் பாட்டில்ல பேரு ஒட்டித்தானே இருக்கு? தெரிஞ்சே எடுத்துக் குடிக்கிறவளுக்கு நான் என்ன செய்ய முடியும்?" என்றார்.

நான் அவருக்கு ஒரே தங்கை, லூர்து மேரி. ஆறாம் வகுப்போடு நின்றவள். புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் நின்றுகொண்டே வேலை பார்த்துக் கால் வீங்கி ஓய்வு பெற்றவள். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. முன்னாள் மாணவிகள் சங்கம் போடும் இந்த நினைவு மலருக்கு எழுத என்னைவிடப் பெரிய ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் அக்கா என்னைத்தான் எழுதச் சொல்லிவிட்டுப் போனார். ஏன் என்பது அதன் இடத்தில் வரும்.

அக்காவின் குணம் சின்ன வயதிலேயே அப்படித்தான். அம்மா படுக்கையில் விழுந்தபோது, எங்கள் இருவரில் ஒருத்தி பள்ளிக்கூடத்தை விட்டு வீட்டில் நிற்க வேண்டும் என்று ஆனது. அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கிய மனிதர். அவருக்கு முடிவு செய்யத் தெரியவில்லை. எங்கள் இருவரையும் எதிரில் உட்கார வைத்து, "யாரும்மா நல்லாப் படிக்கிறது?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அக்கா சொன்னார்: "லூர்துக்குக் கணக்கு வராதுப்பா. நான் போறேன். அவ நிக்கட்டும்."

அது உண்மைதான். எனக்குக் கணக்கு வராது. ஆனாலும் நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் வருத்தமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. மழை வருகிறது என்று சொல்கிற மாதிரி சொன்னார். என்னைப் பற்றி என் அக்கா கொடுத்த முதல் சிபாரிசு அது. அன்றோடு என் படிப்பு முடிந்தது.

அக்காவுக்கு ஆசிரியர் பயிற்சிக்குப் போக வேண்டும் என்று ஆசை. அந்தக் காலத்தில் எங்கள் மாதா கோயில் பங்கில் ஒரு வழக்கம். வேலை, படிப்பு, கல்யாணம், எதற்கானாலும் சாமியார் ஒரு கடிதம் கொடுப்பார். சாமியாரிடம் இருந்தது ஒரே கடிதம். கோயில் கிளார்க் பெயரை மட்டும் மாற்றித் தட்டச்சு செய்வார். எங்கள் சனங்களுக்கு அது வேதவாக்கு. ஆசிரியர் கடிதம் கொடுத்தாலும், "ஃபாதர் லெட்டர் இருக்கா?" என்றுதான் கேட்பார்கள். அப்பாவும் அந்தக் கடிதத்தைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து அக்காவிடம் கொடுத்தார். உறை ஒட்டியிருந்தது. பிரிக்கக் கூடாது என்று அப்பா சொன்னார். அக்கா பிரிக்கவில்லை.

நேர்காணலில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்களாம். அதில் ஒரு அம்மா கடிதத்தைப் பார்த்துவிட்டு, "நீ கோயிலில் பியானோ வாசிப்பாயாமே, ரொம்ப நல்லது" என்று சொல்லி, மண்டபத்து மூலையில் இருந்த பியானோவைக் காட்டியிருக்கிறார். "சின்னதா ஒரு பாட்டு போதும்." அக்கா அதற்கு முன்னால் பியானோவைத் தொட்டதே இல்லை. மறுத்துப் பேசப் பயந்து எழுந்து போய் அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டார். கை இரண்டையும் கட்டைகள்மேல் வைத்தார். பிறகு, தனக்குத் தெரியாது என்றார். மூன்று பேரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பில்லை என்று அக்காவே சொன்னார். ஆனால் சிரித்தார்கள்.

கிளார்க் அந்தக் கடிதத்தைக் கோயில் உபதேசியார் மகளுக்குச் செய்த பிரதியிலிருந்து எடுத்திருக்கிறார். அந்தப் பெண் பியானோ வாசிக்கிறவள். பெயரை மாற்றியவர் பியானோவை எடுக்க மறந்துவிட்டார்.

திரும்பி வந்த அக்கா வீட்டுக்கு வரவில்லை. நேராகச் சாமியார் வீட்டுக்குப் போனார். தெருவில் அதைப் பார்த்த நானும் அப்பாவும் பின்னால் ஓடினோம்.

"ஃபாதர், நான் பியானோ வாசிப்பேனா?"

சாமியாருக்குப் புரியவில்லை. புரிந்ததும் தலையைச் சொறிந்தார். "உன் நல்லதுக்குத்தானேம்மா எழுதினது."

"உங்க நல்லதை வச்சுக்கிட்டு அங்க உக்காந்திருந்தது நான் ஃபாதர்."

அப்பா அந்த இடத்திலேயே அக்காவைக் கன்னத்தில் அறைந்தார். சாமியாரிடம் எதிர்த்துப் பேசியதற்காக. அக்கா அழவில்லை. மறு வருஷம் ஒரு கன்னியாஸ்திரி ஆசிரியையிடம் போய், "என்னைப் பத்தி உங்களுக்குத் தெரிஞ்சதை மட்டும் எழுதுங்க சிஸ்டர், நல்லது வேணாம்" என்று கேட்டு வாங்கினார். தலைக்கனம் பிடித்தவள், பொய் சொல்ல மாட்டாள் என்று அந்த சிஸ்டர் எழுதியிருந்தாராம். அதில் இடம் கிடைத்தது. அந்த வரியை அக்கா சாகும்வரை பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பள்ளியில் அவர் எப்படி நடந்துகொண்டார் என்பதை அவரிடம் கடிதம் கேட்டுப் போனவர்கள் அறிவார்கள். வெளியூர்க் கல்லூரிகளுக்கு எழுதிப் போடும் காலம் வந்தால் பிள்ளைகளுக்குள் ஒரே பேச்சு, யாரிடம் கடிதம் கேட்பது என்று. பெரும்பாலும் மிஸஸ் லிம் அறை வாசலில்தான் வரிசை நிற்கும். அவர் தங்கமானவர். யார் கேட்டாலும் எழுதுவார், எல்லோருக்கும் தேன் தடவி எழுதுவார். அக்கா அறை வாசல் காலியாக இருக்கும். தப்பித் தவறி ஒருத்தி போனால், அக்கா அவளை எதிரில் உட்கார வைத்து, எழுதியதை அவளுக்கே வாசித்துக் காட்டுவார். வாசித்துக் காட்டிய பிறகே உறையை ஒட்டுவார். "என்ன எழுதியிருக்குன்னு தெரியாம எவளும் போய் எவன் முன்னாலயும் உக்காரக் கூடாது" என்பார். கேட்டு முடித்ததும், "அனுப்பட்டுமா, வேணாமா?" என்று கேட்பார். பாதிப் பேர் வேண்டாம் என்று அழுதுகொண்டே மிஸஸ் லிம் வரிசைக்குப் போய்விடுவார்கள்.

ஒருமுறை ஒரு தாயார் பெரிய டின் நிறையப் பயற்றம் பிஸ்கட் வாங்கிக்கொண்டு அக்கா வீட்டுக்கே வந்துவிட்டார். நான் அங்கே இருந்தேன். "டீச்சர், மகளுக்குக் கொஞ்சம் நல்லா எழுதிக் கொடுங்க லா" என்றார். அக்கா டின்னைத் திறந்து ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்தார். "நல்லா இருக்கும்மா. மொறுமொறுன்னு இருக்கு, உள்ள இனிப்பு அளவா இருக்கு. பிஸ்கட்டைப் பத்தி இப்பவே எழுதித் தரேன். மகளைப் பத்தி மகளே வந்து கேக்கட்டும்" என்று டின்னை மூடிக் கையில் கொடுத்தார். அந்த அம்மா படியிறங்கும்போது அழுதது எனக்குக் கேட்டது. "ஏங்க்கா இப்படி?" என்றேன். "கடிச்ச ஒண்ணைத் திருப்பிக் கொடுக்க முடியலையேன்னு இருக்கு" என்றார். அவ்வளவுதான் அவருடைய வருத்தம்.

இனி என் மகள் ரெஜினாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடித்தால் அக்கா கல்லறையிலிருந்து எழுந்து வந்து அடிக்கோடு போடுவார்.

ரெஜினா எனக்கு ஒரே பிள்ளை. அவள் அப்பா சீக்கிரமே போய்விட்டார். ஆறாம் படிவத்தில் அக்காவிடமே படித்தாள். சிங்கப்பூரில் ஒரு கல்லூரியில் உபகாரச் சம்பளத்தோடு இடம் இருந்தது. அது கிடைத்தால் உண்டு, இல்லையென்றால் என் சம்பாத்தியத்தில் அவளை வெளியூர் அனுப்ப வழி இல்லை. பாடம் நடத்திய ஆசிரியர் ஒருவரின் கடிதம் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். எல்லோரும் மிஸஸ் லிம்மிடம் போகச் சொன்னார்கள். அவரும் அவளுக்குப் பாடம் எடுத்தவர்தான். ரெஜினா வேறு மாதிரி யோசித்தாள்.

"மிஸஸ் லிம் எல்லாருக்கும்தான் எழுதுறாங்கம்மா. அதை யாரு நம்புவா? பெரியம்மா யாரையும் புகழ மாட்டாங்கன்னு ஊருக்கே தெரியும். அவங்க ஒரு நல்ல வார்த்தை எழுதினாப் போதும்."

"அந்த ஒரு வார்த்தை வரணுமேடி."

"நான் அவங்க ரத்தம்மா. வரும்."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அக்கா வீட்டுக்குப் போனோம். கோழிக்குழம்பு நான் வைத்துக் கொண்டு போயிருந்தேன். சாப்பிட்டுக் கை கழுவியதும், ரெஜினா பள்ளியிலேயே கேட்டிருந்தபடி எழுதி வைத்திருந்த கடிதத்தை அக்கா எடுத்தார். ஆங்கிலத்தில் ஒவ்வொரு வரியாக அவளுக்கு வாசித்து, அதையே தமிழில் எனக்கும் சொன்னார். "நீயும் கேட்டுக்க லூர்து, அப்புறம் ஒளிச்சு எழுதினேன்னு சொல்லக் கூடாது" என்றார். எனக்கு இன்றும் அது மறக்கவில்லை.

"இவள் என் தங்கையின் மகள். அதைத் தெரிந்துகொண்டு மேலே படியுங்கள். இவள் பாடத்தைப் புரிந்து படிப்பதில்லை, மனப்பாடம் செய்கிறாள். மார்க்கைப் பார்த்து ஏமாற வேண்டாம். தெரியாத ஒன்றைக் கேட்டால் பயந்து வாயை மூடிக்கொள்வாள். காப்பி அடிக்க மாட்டாள். உடைத்த கண்ணாடிக் குழாயை மறைக்க மாட்டாள். சொன்ன நேரத்துக்கு முன்னால் வந்து நிற்பாள். இவளுக்கு இடம் கொடுங்கள் என்று நான் கேட்க மாட்டேன். கொடுத்தால், அந்த இடத்தைச் சும்மா வைத்திருக்க மாட்டாள்."

நான் என் அக்காவின் காலைத் தொட்டேன். உண்மையாகவே குனிந்து தொட்டேன். "அந்த ஒரு வரியை மட்டும் எடுத்திடுங்கக்கா. இடம் கொடுங்கன்னு கேக்க மாட்டேன்னு இருக்கே, அதை மட்டும்."

"ஏன்? நான் கேக்கப் போறேனா?"

"உங்க பிள்ளை மாதிரிக்கா."

"என் பிள்ளையா இருந்தா இன்னும் நாலு வரி சேர்ந்திருக்கும்." பிறகு என் மகளைப் பார்த்தார். "அனுப்பட்டுமா, வேணாமா? இன்னும் நாள் இருக்கு. மிஸஸ் லிம் எழுதித் தருவாங்க."

ரெஜினா மேஜைமேல் இருந்த உறையை எடுத்துப் பெரியம்மாவிடம் நீட்டினாள். எனக்கு அப்போது தெரிந்தது, இவளும் அந்த வீட்டுப் பெண்தான் என்று. "அனுப்புங்க" என்றாள்.

அக்கா அவள் எதிரிலேயே உறையை ஒட்டி, ஒட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். மிச்சக் குழம்பை டப்பாவில் எடுத்து வைக்கச் சொன்னார், ராத்திரிக்கு ஆகும் என்று.

இடம் கிடைக்கவில்லை. ஏன் என்று அவர்கள் சொல்லவில்லை. கடிதத்தாலா, மார்க்காலா, வேறு எதனாலா, யாருக்கும் தெரியாது. இன்றுவரை அதுதான் என் நெஞ்சில் முள்ளாக இருக்கிறது. அதே வகுப்பில் இன்னொரு பெண்ணுக்குக் கிடைத்தது. மிஸஸ் லிம் அவளை விவாத மேடையில் சிங்கம் என்று எழுதியிருந்தாராம். அந்தப் பெண் மேடை ஏறி யாரும் பார்த்ததில்லை. நான் அக்காவிடம் போய்ச் சண்டை போட்டேன். "அவளை யாரும் பியானோ வாசிக்கச் சொல்லலையேக்கா!"

"சொல்லுவாங்க. ஒருநாள் சொல்லுவாங்க" என்றார் அக்கா.

அந்தப் பெண் இன்று சிங்கப்பூரில் நல்ல வேலையில், நல்ல வீட்டில், இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறாள். யாரும் சொல்லவில்லை.

ரெஜினா இந்தப் பக்கத்திலேயே ஒரு சின்னக் கல்லூரியில் படித்துவிட்டு, நான் நின்று வேலை பார்த்த அதே புக்கிட் தெங்காவில் உட்கார்ந்து வேலை பார்க்கிறாள். அத்தனை வருஷமும் பெரியம்மா வீட்டுப் படி ஏறவில்லை. நான் போவேன், வருவேன். பேச்சு உப்பையும் மழையையும் பற்றித்தான் இருக்கும். "அவ எப்படி இருக்கா?" என்று அக்கா ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேனா என்பது வேறு விஷயம்.

நோய் முற்றி அக்கா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ரெஜினா ஒருமுறை வந்தாள். நான் கூப்பிடவில்லை. கம்பெனிச் சட்டையோடு வந்து கட்டில் பக்கத்தில் நின்றாள்.

"இப்ப என்ன வேலை?" என்றார் அக்கா. வா, உட்கார் என்று ஒன்றும் இல்லை.

"குவாலிட்டி டிபார்ட்மென்ட், பெரியம்மா. பெல்ட்ல வர்ற பீஸ்ல குறை இருந்தா எடுத்து வெளிய போடணும்."

"அப்ப என் வேலைதான்."

"ஆமா. ஆனா பீஸுங்க அழாது."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து இருமல் வந்து, இருமி மூச்சு முட்டி, நர்ஸ் ஓடி வரும்படி ஆனது. ரெஜினா தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நர்ஸ் போனதும் தலையணையைச் சரி செய்துவிட்டுப் போனாள். அவள் போன பிறகு நான் கேட்டேன்.

"இப்ப எழுதச் சொன்னா வேற மாதிரி எழுதுவீங்களாக்கா?"

யோசித்தார். என் அக்கா யோசித்ததைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் ஆசை வந்தது. ஒரு வார்த்தை வரும் என்று நினைத்தேன்.

"பயந்து வாயை மூடிக்குவான்னு எழுதினேன். அதை மட்டும் எடுத்திடுவேன். மிச்சம் அப்படியேதான்."

அன்றைக்குத்தான் இதையும் சொன்னார். "நான் போனதும் ஓல்ட் கேர்ள்ஸ் சங்கத்துலேர்ந்து மலர் போடுறோம்னு வருவாங்க. டாக்டர், லாயர்னு எவளையாவது புடிச்சு எழுத வைப்பாங்க. விடாத. நீ எழுது."

"எனக்கு எழுத வராதுக்கா. ஆறாவதோட நிறுத்தினது நீங்கதானே?"

"அதுக்குத்தான் உன்னையச் சொல்றேன். என்னைப் பத்தி நல்லது எழுத உனக்கு ஒரு காரணமும் இல்ல. எழுதி எங்கிட்ட வாசிச்சுக் காட்டு. அப்புறம் அனுப்பு."

அவர் உயிரோடு இருந்தவரை நான் ஒரு வரி எழுதவில்லை. பயம்தான். வாசித்துக் காட்டினால் திருத்துவாரே என்ற பயம்.

கோயிலுக்கு எடுத்துப் போகும் முன்னால் சவ மண்டபத்தில் அக்காவைக் கிடத்தியிருந்தோம். கூட்டம் இல்லை. மிஸஸ் லிம் வந்திருந்தார், தடி ஊன்றிக்கொண்டு. முன்னாள் மாணவிகள் சங்கத்திலிருந்து ஒரு பெண் வந்து என் கையைப் பிடித்தார். அவர்கள் கேட்ட டாக்டரும் லாயரும் நேரமில்லை என்று சொல்லிவிட்டார்களாம். "ஆன்டி, நீங்களே எழுதிக் கொடுங்க. கொஞ்சம் நல்லதா மட்டும், சரியா? டீச்சரோட அன்பு, தியாகம், அந்த மாதிரி" என்றார். எனக்கு அப்பாவும் சாமியாரும் அந்தத் துணி சுற்றிய கடிதமும் ஞாபகம் வந்தது.

நான் மூலையில் உட்கார்ந்து ஜெபப் புத்தகத்துக்குள் இருந்த வெற்றுத் தாளில் எழுதினேன். எழுதி எடுத்துப்போய்ப் பெட்டி பக்கத்தில் நின்று, எல்லோர் காதிலும் விழும்படி அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"ஆண்டவரே, இவர் என் அக்கா. அதைத் தெரிந்துகொண்டு கேளுங்கள். அன்பானவர் என்று நான் எழுத மாட்டேன். இவரால் அழுத பிள்ளைகள் நிறைய. அதில் ஒன்று என் பிள்ளை. யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை, உங்களிடமும் கேட்பார் என்று எதிர்பார்க்க வேண்டாம். பொய் சொல்ல மாட்டார். கொடுத்ததைக் குறை சொல்லாமல் வாங்க மாட்டார். உங்கள் மோட்சத்தில் ஆளுக்கொரு வாத்தியம் கொடுப்பீர்களாம். இவரிடம் கொடுத்துச் சிரிக்க வேண்டாம், இவருக்கு வாசிக்கத் தெரியாது. இவருக்கு இடம் கொடுங்கள் என்று நான் கேட்க மாட்டேன். கொடுத்தால், அந்த இடத்தைச் சும்மா வைத்திருக்க மாட்டார்."

சங்கத்துப் பெண் தலையைக் குனிந்துகொண்டார். மிஸஸ் லிம் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டினார். பெட்டி மூடியைப் பிடித்திருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் அக்கா முகத்தைப் பார்த்துக் கேட்டேன்:

"அனுப்பட்டுமாக்கா, வேணாமா?"

வாய் இறுக மூடியிருந்தது. எனக்குத் தாளை மடிக்கவும் முடியவில்லை, கிழிக்கவும் முடியவில்லை. பின்னாலிருந்து ரெஜினாவின் குரல்தான் வந்தது.

"அனுப்புங்கம்மா."

மடித்து அக்காவின் கைக்கு அடியில் வைத்தேன். உறை இல்லை. ஒட்டவும் இல்லை. போய் வாருங்கள் அக்கா. போகிற வழியில் பிரித்துப் பார்த்துப் பிழை திருத்துவீர்கள் என்று எனக்குத் தெரியும்.